வயலட்டுக்கு வந்த வசனம்

ஜனவரி 1, ஞாயிறு

டயர்க் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. யாருக்கு எந்த நேரம் வண்டி கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மட்டும்தான் இதில் எழுதுவேன். இந்த வருஷம் மற்றதையும் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பேச ஆளில்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் பேச ஆளில்லாமல் போகுமா? வீட்டு நிலவரத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் உடனே கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். அதுதான் தொந்தரவு.

வருஷப் பிறப்பு ஆராதனைக்கு வந்தே தீருவேன் என்று என் மனைவி வயலட் ஒற்றைக்காலில் நின்றாள். மார்பில் கட்டி எடுத்து, அதற்குப் பிறகு கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிற உடம்பு. முடி எல்லாம் கொட்டிவிட்டது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி வந்தாள்.

ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை. பித்தளைத் தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். எந்த வசனம் வருகிறதோ அது இந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொன்னது. எனக்கு வந்தது, பயப்படாதே என்கிற மாதிரி ஒன்று. வண்டி பழகுகிறவர்களின் பக்கத்தில் உட்காருகிறவனுக்கு அது பொருத்தம்தான்.

வயலட்டுக்கு வந்தது, சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்கிற வசனம், வேதாகமத்தில் சங்கீதப் புத்தகத்தில் வருவது.

பின்னால் நின்ற செல்லபாய் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லேலூயா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அக்கா பெண்கள் சங்கத் தலைவி, அவளுக்கு மைக் வேண்டாம். கோயிலில் பாதிப் பேர் வந்து வயலட்டின் கையைப் பிடித்தார்கள். எங்கள் சபை குருவானவர் ஜாஸ்பர் ஐயரும் வந்து அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். சின்ன வயசுக்காரர், நல்ல பையன்.

வயலட் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காரில் வரும்போது, "குளுருது அத்தான், கண்ணாடிய ஏத்துங்க" என்றாள். ஏற்றினேன்.

ஜனவரி 4, புதன்

கோமதி மேடம் என்று புதிதாக ஒருவர் வண்டி பழக வருகிறார். பேங்க்கில் வேலை.

"சார், கிளட்ச்ச மிதிச்சா உள்ள என்ன நடக்குது?"

"வண்டி ஆஃப் ஆகாம இருக்கும். மிதிங்க மேடம்."

"அது தெரியுது. ஏன் ஆஃப் ஆகாது?"

இவர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்துவிட்டான். இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், ஒருவரும் இதைக் கேட்டதில்லை. சொல்வதைச் செய்துவிட்டுப் போவார்கள்.

சாயங்காலம் ரசம் வைத்தேன். வயலட் ஒரு வாய் குடித்துவிட்டு, "புளி எங்க?" என்றாள். சுத்தமாக மறந்துபோயிருக்கிறேன்.

ஜனவரி 10, செவ்வாய்

நாளைக்கு மறுபடி மருந்து ஏற்றவேண்டும். பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். துண்டு, ஃபிளாஸ்க், வாந்தியெடுக்கப் பிளாஸ்டிக் பேசின். வயலட் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தான், நா இனிமே போகல."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கி."

"என்னட்டி சொல்லுத?"

"கர்த்தர்தான் சொல்லிட்டாருல்லா. அதுக்கப்புறம் ஊசி என்னத்துக்கு?"

டாக்டரம்மா என்ன சொல்லியிருக்கிறார், பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்றெல்லாம் சொன்னேன். குரலும் உயர்ந்தது. அவள் அமைதியாக, "வசனத்தவிட டாக்டரு பெருசா?" என்றாள்.

அதோடு முடிந்தது. எங்கள் ஆட்களிடம் ஒருவர் வசனத்தை எடுத்து வைத்துவிட்டால் எதிரே இருப்பவர் வேறொரு வசனம்தான் வைக்கவேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோட்டோரத்து போர்டுகள். "உன் இஷ்டம் போல செய்யி" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

ஜனவரி 11, புதன்

போகவில்லை. ஆஸ்பத்திரி நாள் என்று எல்லாருக்கும் கிளாஸ் இல்லை என்று சொல்லியிருந்ததால் வீட்டிலேயே இருந்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 19, வியாழன்

வயலட்டுக்கு வாய்க்கசப்பு போய்விட்டது. நெத்திலிக் குழம்பு கேட்டாள். நெத்திலியைக் கிள்ளி அலசுவதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் சோற்றைப் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டாள். பார்க்கவே ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஊருக்குப் போயிருக்கிறோம், வந்ததும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிளாஸ்டிக் பேசினைக் கழுவிப் பரண்மேல் போட்டேன்.

ஜனவரி 29, ஞாயிறு

செல்லபாய் அக்கா கோயிலில் எழுந்து, "நம்ம வயலட்டு மருந்த உதறிட்டு வசனத்தப் பிடிச்சிட்டா" என்று அறிவித்தாள். ஒரே ஸ்தோத்திரம். வெளியே வந்தபோது நாலைந்து பெண்கள் வயலட்டிடம் வந்து தங்களுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். மூட்டுவலி, மகன் வேலை, மாமியார் தொல்லை எல்லாம் வந்தது. முன்பெல்லாம் இவளுக்காக ஜெபிக்க வருவார்கள். இப்போது இவளிடம் வருகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். சந்தோஷ அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, திங்கள்

கேஸ் புத்தகம் தேடி மேஜை டிராயரைக் கிளறியபோது பழைய வாக்குத்தத்த அட்டைகள் கிடைத்தன. எல்லாம் வயலட்டுடையவை. கனிதரும் திராட்சச்செடி, பந்தியைச் சுற்றிப் பிள்ளைகள், இப்படி இரண்டு மூன்று வருஷம் தொடர்ச்சியாக வந்திருக்கிறது. எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்போதும் இதே அல்லேலூயாதான். ஒருவர் தொட்டில் துணிகூட வாங்கிக் கொடுத்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வருஷமெல்லாம் முடிந்து அடுத்த வருஷ அட்டை வந்தபோது, போன வருஷத்து வசனம் என்ன ஆயிற்று என்று கோயிலில் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தோம். கேட்டால் அவிசுவாசம் ஆகிவிடும் என்று சின்னதிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள்.

கேஸ் புத்தகம் கிடைக்கவில்லை. சவத்தை விடு என்று டிராயரை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

கோமதி மேடம் இப்போது மூன்றாவது கியர் வரை வந்துவிட்டார். இன்று பைபாஸில் ஓட்டிக்கொண்டே, "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் நல்லாயிருக்கா என்று சொல்லியிருப்பேன். இவரிடம் எப்படியோ வசனம், மருந்து நிறுத்தினது எல்லாம் சொல்லிவிட்டேன். இந்த அம்மா சாமி கும்பிடுகிறவர், திடீரென்று கண்ணை மூடி ஜெபிக்கமாட்டார் என்ற தைரியம். அதுவும் வண்டி ஓட்டும்போது.

"எனக்கு உங்க வேதமெல்லாம் தெரியாது சார். அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"பிழைக்கணும்னுதான் மேடம். வேற என்ன?"

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

"..."

"நீங்க கேட்டீங்களா?"

"முன்னால பாத்து ஓட்டுங்க மேடம்" என்றேன்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

லெந்து காலம் ஆரம்பம். இனி ஈஸ்டர் வரை கறி மீன் இல்லை என்று வயலட் சொல்லிவிட்டாள். எனக்குச் சமையல் வேலை குறைந்தது, அந்த மட்டில் ஸ்தோத்திரம்.

ஆராதனை முடிந்து ஜாஸ்பர் ஐயரை வேப்பமரத்தடியில் பிடித்தேன்.

"ஐயரே, நேரா கேக்கேன். அந்த வசனம் அவளுக்குன்னு சொன்னதுதானா? தட்டுல இருந்து செல்லபாய் அக்கா எடுத்திருந்தா அக்காவுக்குச் சொன்னதாயிருக்குமே?"

ஐயர் அங்கியின் பட்டனைத் திருகிக்கொண்டே நின்றார். "அண்ணாச்சி, அவங்க விசுவாசத்துக்கு விரோதமா நான் எப்படிப் பேசுறது? நான் பேசி அவங்க தளர்ந்துட்டா அந்தப் பாவம் யார் மேல?"

"பேசாம இருந்து அவ செத்துட்டா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஜெபத்துல வச்சுக்கிடுதேன் அண்ணாச்சி" என்றார். எல்லாரும் ஜெபத்தில்தான் வைத்துக்கொள்கிறார்கள். நானும் இன்னொரு தடவை அழுத்திக் கேட்கவில்லை.

மார்ச் 3, வெள்ளி

எங்கள் வீட்டில் பெண்கள் சங்கத்தின் உபவாச ஜெபம். உபவாசம் என்று பெயர், முடிந்ததும் அண்டா காபியும் வடையும் வேண்டும். காபி போட்டது நான்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் வயலட் எழுந்து சாட்சி சொல்லவேண்டும் என்று செல்லபாய் அக்கா முடிவு பண்ணிவிட்டாள். கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று. "இன்னும் டெஸ்ட் ஒண்ணும் எடுக்கலியே அக்கா" என்று நான் சமையலறையிலிருந்து சொன்னேன். "சுகம் ஆயாச்சுன்னு விசுவாசத்துல அறிக்கை பண்ணணும் பொன்சிங்கு. டெஸ்ட்டுல பாத்துட்டுச் சொன்னா அதுக்குப் பேரு விசுவாசமா?" என்றாள். வடை வாயில் இருந்தது, இருந்தாலும் தெளிவாகச் சொன்னாள்.

அக்காவின் மருமகள் பெனிட்டா கடைசியாக நின்று வயலட்டிடம் தலையைக் குனிந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற பெண். "சித்தி, உங்க விசுவாசத்துல எனக்குக் கொஞ்சம் வேணும்" என்றாள். வயலட்டின் கை அந்தப் பெண்ணின் தலைக்குமேல் அந்தரத்தில் நின்றது. பிறகுதான் வைத்தாள்.

மார்ச் 10, வெள்ளி

மேல் தட்டில் இருந்த மஞ்சள்பொடி டப்பாவை எடுக்க வயலட்டுக்கு இடது கை எழும்பவில்லை. "நீங்க எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

பிரசங்கம் விசுவாசத்தைப் பற்றி. ஐயர் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் இயேசுவின் சீடர் தோமாவை, பாவம், இழுத்துவைத்துத் திட்டினார். ஆண்டவர் உயிரோடு எழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாராம். எனக்குக் கோபமாக வந்தது. மற்ற பத்துப்பேரும் பார்த்த பிறகுதானே நம்பினார்கள்? ஆண்டவர் முதலில் வந்த அன்றைக்கு இவர் மட்டும் அறையில் இல்லை. கேட்டார். கேட்டவரிடம் ஆண்டவர் வந்து தொட்டுப் பார் என்று கையை நீட்டினார். திட்டியது நாம்தான்.

இதையெல்லாம் டைரியில் எழுதலாம். கோயிலில் பேச முடியுமா?

மார்ச் 28, செவ்வாய்

காலையில் செல்லபாய் அக்காவிடமிருந்து போன். அந்தக் குரலா இது என்று சந்தேகமாகிவிட்டது. பெனிட்டா நினைவில்லாமல் கிடக்கிறாள், தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முதல் ஊசி போடவில்லையாம்.

வயலட் போனை என் கையிலிருந்து வாங்கிக் கேட்டாள். வைத்துவிட்டுச் சேலையை மாற்றினாள். "வண்டிய எடுங்க." டிசம்பருக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவள், எனக்கு முன்னால் படியேறிப் போனாள்.

செல்லபாய் அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "வயலட்டு, நீ உள்ள போயி கை வச்சு ஒரு வார்த்த ஜெபம் பண்ணு. உன் ஜெபத்தக் கேப்பாரு."

"இன்சுலின் குடுத்துட்டாவளா? அத மொதல்ல சொல்லுங்க."

"ஏறிக்கிட்டு இருக்கு."

"எவ நிறுத்தச் சொன்னா அவள?"

"உன்னப் பாத்துதானட்டி நிறுத்துனா. நானுந்தான் ஸ்தோத்திரம்னு சொன்னேன். சொல்லிட்டேனேட்டி!" அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

வயலட் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். சாயங்காலம்வரை அங்கேயேதான் இருந்தாள். ஜெபம் பண்ணவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உதடு அசையவில்லை.

மார்ச் 30, வியாழன்

பெனிட்டாவுக்கு நினைவு வந்துவிட்டது. அப்பாடா. வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

வயலட் அவளுடைய கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு நாளும் ஊசிய நிறுத்தாத. எனக்கு சத்தியம் பண்ணு" என்றாள்.

பெனிட்டா உதடு வெடித்துக் கிடந்தாள். மெதுவாகத்தான் பேச வந்தது. "அப்ப நீங்க ஏன் சித்தி நிறுத்துனீங்க?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வயலட் அந்தப் பெண்ணின் போர்வையை இழுத்து சரிபண்ணினாள். சரியாக இருந்ததையே திரும்பத் திரும்ப சரிபண்ணினாள்.

வீட்டுக்கு வந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். அதாவது நான் மடித்துக்கொண்டிருந்தேன், அவள் ஒரே துண்டைக் கையில் வைத்திருந்தாள்.

"அந்தப் பிள்ள கேட்டுச்சுல்லா, அதுக்கு என்ன பதிலு?" என்றேன்.

"என்ன பதிலு?"

"அவளுக்கு ஊசி வேணும், உனக்கு வேண்டாமா? ஏன் வயலட்? ஏன் நிறுத்துன?"

ஜனவரியிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. வாயிலிருந்து வந்தபிறகு எனக்கே பயமாக இருந்தது.

"முடியல அத்தான்" என்றாள். "அவ்வளவுதான். முடியல. அந்த அட்டைய எடுத்தப்ப எல்லாரும் அல்லேலூயாங்காவ. எனக்கு, பிழைக்கணும்னா இன்னும் எத்தன ஊசி, எத்தன வாந்தின்னுதான் மனசு ஓடுச்சு. சாகப்போறன்னு வந்திருந்தாக்கூட அப்பாடான்னு இருந்திருப்பேன். இது எனக்கு விசுவாசமும் இல்ல, மண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் வசனத்தச் சொன்ன?"

"முடியலன்னு சொன்னா விடுவியளா? எல்லாரும் சேந்து தூக்கிட்டுப் போயிருப்பிய. வசனத்தச் சொன்னா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாவ. எனக்குத் தெரியும்லா, நானும் அந்தச் சங்கத்துல இருக்கவதான." துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டாள். "நீங்களும் கேக்கலியே."

அழுதாள். கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றுகூட இப்படி அழவில்லை. நான் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

நான் ஏன் கேட்கவில்லை என்று எழுதவேண்டும். அலுப்பாக இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஊர்வலத்தில் வயலட் பாதியிலேயே மூச்சு வாங்கி, ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் இரண்டு குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, உனக்கு என்னதான் வேணும்? நீ சொல்லு. ஆஸ்பத்திரி வேண்டாம்னா வேண்டாம். நா யாரையும் உன்னைத் தூக்கவிடமாட்டேன்."

"தெரியல. யாரும் கேக்காததுனால நானும் யோசிக்கல" என்றாள். பிறகு, "யோசிக்க விடுங்க" என்றாள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஜாஸ்பர் ஐயர் வீட்டுக்கு வந்தார். வயலட்டே கூப்பிட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "வசனத்த வச்சுப் பொய் சொன்னா அது எந்தப் பாவத்துல சேரும் ஐயரே?" என்று கேட்டாள்.

ஐயர் காபியைக் கையில் வைத்தபடியே இருந்தார். ஆடை படிந்துவிட்டது. "நான் ஒரு தடவ வந்து உக்காந்து கேட்டிருக்கணும்மா" என்றார். "எனக்குப் பயம். கேட்டா பதில் சொல்லத் தெரியாதேன்னு."

ஈஸ்டர் சாட்சியை எடுத்துவிடலாம் என்றார். "வேண்டாம், நா சொல்லுதேன்" என்றாள் வயலட். போகும்போது வாசலில் ஐயர் ஜெபிக்கக் கண்ணை மூடினார், வார்த்தை வரவில்லை, ஆமென் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவரை இன்றுதான் ரொம்பப் பிடித்தது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. கோயிலில் மின்விசிறி இருந்தும் புழுக்கம் தாங்கவில்லை. வருஷா வருஷம் கேட்கிற, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசினார்கள். நான் இரண்டில் தூங்கிவிட்டேன்.

வரும்போது வயலட் சொன்னாள்: "சிலுவையில தொங்கும்போது அவரே ஏன்னு கேட்டிருக்காரு அத்தான். பிதாவப் பாத்து, ஏன் விட்டுட்டீருன்னு. அவருக்கே வானத்துல இருந்து ஒரு பதிலும் வரலியே. இத்தன வருஷமா கேக்கேன், இன்னைக்கித்தான் காதுல விழுது."

"அவரு கேட்டா அது அவிசுவாசம் இல்லியோ?" என்றேன்.

"அதத்தான் நானும் யோசிக்கேன்" என்றாள்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை. கோயில் நிறைய ஜனம், புதுச்சேலை வாசனை. ஐயர் வயலட்டின் பேரைச் சொன்னார். செல்லபாய் அக்கா மருமகளோடு முன்வரிசையில் இருந்தாள், நிமிரவே இல்லை.

வயலட் மைக்கைப் பிடித்தாள்.

"எனக்கு சுகம் ஆகல" என்றாள். "மருந்த நா விசுவாசத்துல நிறுத்தல. முடியாம நிறுத்துனேன். வசனத்தச் சொல்லி உங்க எல்லாரையும் ஏமாத்துனேன். அதனால ஒரு பிள்ள சாகப் பாத்துச்சு. கர்த்தர் எனக்கு சுகம் தருவாரான்னு எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பிள்ள ஏன் தரலன்னும் தெரியாது. இத்தன நாளும் தெரிஞ்ச மாதிரி பாடிக்கிட்டு இருந்தேன். இப்ப அவர்ட்ட தினமும் கேக்கேன். அவரு கோவிச்சுக்கிட்ட மாதிரித் தெரியல. அவ்வளவுதான்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பின்னால் ஒருத்தர், "ஈஸ்டர் அதுவுமா இதையா பேசணும்" என்று முணுமுணுத்தார். திரும்பி ஒரு முறை முறைத்தேன். ஆர்கன் வாசிக்கிறவர் எந்தப் பாட்டு என்று தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். ஐயர் பீடத்திலிருந்து இறங்கிவந்து வயலட் பக்கத்தில் முழங்கால் போட்டார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் முழங்கால் போட்டோம்.

வெளியே வந்தபோது பலபேர் பார்க்காத மாதிரி போனார்கள். ஆனால் பெண்கள் சிலர் ஒதுங்கி நின்று, கூட்டம் குறைந்ததும் வந்தார்கள். மகன் இறந்ததிலிருந்து ஜெபிக்க வரவில்லை என்று ஒருத்தி சொன்னாள். பரலோகம் என்று ஒன்று இருக்குமா என்று ஒருத்தி காதோடு கேட்டாள், கோயில் பூ அலங்காரம் எல்லாம் அவள் பொறுப்புதான். வயலட் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். செல்லபாய் அக்கா கடைசியாக வந்து அவளுடைய முக்காட்டை சரிபண்ணிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து பிரியாணிக்கு அரிசி களையும்போது மத்தியானமாகிவிட்டது. குழைந்துவிட்டது. அதையே இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 10, திங்கள்

"போயி டாக்டரப் பாப்போம்" என்றாள் வயலட், பல் தேய்த்துக்கொண்டே. "முடிவெல்லாம் பண்ணல. என்ன நிலமைன்னு கேட்டுட்டு வருவோம்."

ஏப்ரல் 12, புதன்

டாக்டரம்மா திட்டினார். வாங்கிக்கொண்டோம். ஸ்கேன் பார்த்தார். மறுபடி கட்டி வந்திருக்கிறது, இந்தத் தடவை அக்குளில். "வேற மருந்து ஆரம்பிக்கலாம். கேக்குமான்னு உறுதியா சொல்ல முடியாது. கஷ்டமா இருக்கும்னு மட்டும் உறுதியா சொல்லலாம். வெளிய உக்காந்து பேசி முடிவெடுங்க" என்றார். முதல்முறையாக எங்களிடம் முடிவெடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஒருவேளை முன்பும் சொல்லியிருப்பார், நாங்கள் கவனித்திருக்கமாட்டோம்.

வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் எதுவும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா? மழுப்பாம சொல்லணும்."

"கேளு."

"நா பிழைக்கணும்னு ஜெபம் பண்ணுனியளா?"

ஆமாம் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல பண்ணுனேன்."

"அப்புறம்?"

"டிசம்பர்ல, நீ குடிச்ச தண்ணிகூட வயித்துல நிக்காம கிடந்தியே, அப்ப வேற கேட்டேன்." மற்றதைத் தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "அவள சீக்கிரம் எடுத்துக்கிரும்னு கேட்டேன். உனக்கும் முடியல, எனக்கும் முடியலன்னு. நீ ஆஸ்பத்திரிக்கி வரலன்னு சொன்னப்ப நா கேள்வி கேக்காம இருந்தது அதுக்குத்தான். எனக்கும் நிம்மதியா இருந்துச்சு வயலட்."

அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அழவைத்துவிட்டேனே பாவி என்று நிமிர்ந்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"என்னட்டி?"

"நானும் அதேதான் கேட்டேன். அதே டிசம்பர்ல. என்னைய எடுத்துக்கிரும், இந்த மனுசன் பேசின் கழுவியே சாகப்போறாருன்னு."

"..."

"ரெண்டு பேரு ஒருமனப்பட்டு எதக் கேட்டாலும் செய்வேன்னு ஆண்டவரு சொல்லியிருக்காருல்லா. நாம ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே ஒருமனப்பட்டுக் கேட்டிருக்கோம். கேட்டத அந்த மனுசன் குடுக்கவே இல்ல பாத்தியளா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வருகிறது. எதிரே குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் எங்களை ஒருமாதிரி பார்த்தார். வயலட் என் கையைப் பிடித்திருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து, "வயலட் பொன்சிங், என்னம்மா முடிவு பண்ணீங்க?" என்றாள்.

வயலட் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏன் குடுக்கலன்னு அவர்ட்ட கேக்கணும் அத்தான்" என்றாள். "கேக்கதுக்காவது கொஞ்ச நாள் இருக்கணும்லா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.